அடா, அரி: அக்வாக் மலையில் ஆறு நாள்

முதல் நாள்: மகச்சுக்கலா

விமானம் இறங்கும்போது இடப்பக்கச் சன்னல்காரர்களுக்குக் கடல், வலப்பக்கச் சன்னல்காரர்களுக்கு மலை. எனக்கு நடு இருக்கை. இரண்டு பக்கமும் எட்டி எட்டிப் பார்த்ததில் கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

மகச்சுக்கலா, ரஷ்யாவின் தெற்கே காகசஸ் மலையடியில் உள்ள தாகெஸ்தான் குடியரசின் தலைநகர். 1921 வரை இதன் பெயர் பெத்ரோவ்ஸ்க் துறைமுகம். காஸ்பியன் காற்று எந்நேரமும் மணலை வாரிக்கொண்டு வீசுகிறது. சித்தி பையன் இங்கே மருத்துவம் நான்காம் ஆண்டு படிக்கிறான். தமிழ்ப் பையன்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு வீடு எடுத்திருக்கிறார்கள். குக்கர் விசில் சத்தத்தை வைத்தே மாடியைக் கண்டுபிடித்துவிட்டேன். சாம்பாரில் புளிக்குப் பதில் ஏதோ காய்ந்த புளிப்புப் பழம் போட்டிருந்தார்கள். குறை சொல்லும்படி இல்லை.

நான் வந்தது ஊர் பார்க்க அல்ல, அக்வாக் என்ற ஒரு சின்ன மொழியைக் காதால் கேட்க. சொன்னால் சிரிப்பார்கள் என்று அலுவலகத்தில் "காகசஸ் டூர்" என்று மட்டும் சொல்லி விடுப்பு வாங்கினேன். தம்பியிடம் உண்மையைச் சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது. அவனோடு படிக்கும் ஒருவர் அக்வாக் இனத்தவர். அவர் வீட்டுக்குத்தான் நாளை மறுநாள் போகிறோம்.

"முதல் வருசம் அவன்கிட்ட நீ என்ன ஆளுன்னு கேட்டேண்ணே. அவார்னு சொன்னான். ரெண்டாவது வருசம்தான் அக்வாக்னு சொன்னான்" என்றான் தம்பி.

சோவியத் அரசும் கிட்டத்தட்ட இதே வேலையைத்தான் செய்தது. 1926 கணக்கெடுப்பில் அக்வாக் மக்கள் 3,683 பேர் என்று தனியாக எழுதினார்கள். அதன்பின் வந்த கணக்குகளில் அவர்களை அக்கம்பக்கத்துப் பெரிய இனமான அவார்களோடு சேர்த்துவிட்டார்கள். 2002இல் மறுபடியும் தனி வரிசை வந்தது: 6,376 பேர். 2010இல் 7,930. ஆனாலும் கேட்பவரைப் பொறுத்துத்தான் பதில். வெளிநாட்டில் யாராவது கேட்டால் ரஷ்யா, மாஸ்கோவில் கேட்டால் தாகெஸ்தான், மகச்சுக்கலாவில் கேட்டால் அவார். அக்வாக் என்ற சொல் வெளியே வருவதற்கு நாலு கதவு திறக்க வேண்டும்.

இரண்டாம் நாள்: கராத்தா வரை

காலை ஏழு மணிக்கு வேன். இங்கே மர்ஷ்ருத்கா என்பார்கள். நம்மூர் ஷேர் ஆட்டோவின் பெரிய அண்ணன்: ஆள் நிறைந்தால்தான் கிளம்பும். எனக்கும் தம்பிக்கும் கடைசி வரிசை. காலடியில் யாருடையதோ ஒரு மூட்டை மாவு.

புய்னாக்ஸ்க் தாண்டினால் கிம்ரி சுரங்கப்பாதை. நாலு கிலோமீட்டருக்கு மேல் மலையின் வயிற்றுக்குள் போகிறோம். உள்ளே நுழையும்போது பின்னால் புல் முளைத்த குன்றுகள். வெளியே வரும்போது முன்னால் வெறும் பாறை, செங்குத்து, அடியில் ஓர் ஆறு. ரஷ்யப் பேரரசை எதிர்த்துப் போரிட்ட மலைநாட்டுத் தலைவர் இமாம் ஷாமில் பிறந்த கிம்ரி ஊர் இங்கேதான். முதல் இமாம் காசி முகம்மதுவும் இதே ஊர்க்காரர். 1832இல் ரஷ்யப் படை வளைத்தபோது காசி முகம்மது இறந்தார். ஷாமில் படைவீரர்களின் தலைக்கு மேலாகத் தாவித் தப்பினார் என்பது இந்த மலையில் குழந்தைக்கும் தெரிந்த கதை. அதற்குப் பிறகு 1859இல் குனிப் மலையில் சரணடையும் வரை அவர் சண்டையை விடவில்லை. வேனில் யாரும் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாராவாரம் போகிற வழி அவர்களுக்கு.

ஆற்றின் பெயர் ஆந்தி கோய்சு. தாகெஸ்தானில் கோய்சு என்ற பெயரில் நாலு ஆறுகள் உண்டு. துருக்கிய மொழியில் 'ஆட்டுத் தண்ணீர்' என்று பொருள். நிறத்தைப் பார்த்தால் ஆட்டு மந்தை குளித்த தண்ணீர் போலத்தான் இருக்கிறது. கரையோரம் பாதாமி (ஆப்ரிகாட்) மரங்கள்.

தளோக் என்று ஓர் ஊர்ப்பலகை வந்தது. உப்பு ஊற்றுகளுக்குப் பெயர்போன ஊர். "அண்ணே, இந்த ஊர் பேரச் சொல்லுங்க" என்றான் தம்பி. சொன்னேன். முன்வரிசைப் பெரியவர் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவரும் சொன்னார். அது 'த'வும் இல்லை, 'ள'வும் இல்லை. பல்லிடுக்கில் காற்று கசிகிற மாதிரி ஏதோ ஒன்று. ரஷ்ய எழுத்தில் அதற்கு இடம் இல்லாததால் 'த்ல்' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இந்தப் பகுதியின் பாதி ஊர்ப் பெயர்களில் இந்த 'த்ல்' உண்டு: தத்மகித்ல், லொலொகொனித்ல், த்லிபிஷோ, த்லியானுப். ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் வேறு வேறு ஒலி ஒளிந்திருக்கிறது.

மதியத்துக்கு மேல் கராத்தா. அக்வாக் மாவட்டத்தின் தலைமையிடம். ஆனால் இந்த ஊரில் பேசுவது அக்வாக் மொழி அல்ல. கராத்தா மொழி, அது தனி. மாவட்டத்துக்கு ஒரு பெயர், தலைமையிடத்துக்கு வேறு மொழி, அலுவலகத்தில் அவாரும் ரஷ்யனும். அரபுப் புவியியலாளர்கள் காகசஸை மொழிகளின் மலை என்று அழைத்தது சும்மா இல்லை.

தங்குவதற்கு ஓர் அறை சொல்லி வைத்திருந்தோம். போய்க் கேட்டால் அறை இல்லை. சொன்னவர் போனையும் எடுக்கவில்லை. தம்பியின் அக்வாக் நண்பருக்குத் தெரிந்த ஒரு வீட்டில் படுக்கை கிடைத்தது. அறை இல்லாமல் போனதே நல்லது என்று தம்பி சொன்னான். தரையில் மெத்தை, மேலே கம்பளி, ஆகஸ்ட் மாதத்தில் குளிர்.

மூன்றாம் நாள்: மூன்று அறைகள்

நண்பர் ஒரு பழைய நிவா காரில் வந்து அழைத்துக்கொண்டார். குதியாப்ரோசோ ஊர் வழியாகப் போனோம். அவார் மொழியில் குதியாப் என்றால் பெரிய, ரோசோ என்றால் ஊர். நம்ம கணக்கில் 'பேரூர்'. தத்மகித்ல் என்பதில் தத் என்றால் மேல். மேல்மகித்ல். நம்மூரில் மேலூர், கீழூர் மாதிரி. ஊர்ப் பலகையில் இருப்பவை அவார்ப் பெயர்கள். வீட்டுக்குள் சொல்லிக்கொள்ள இவர்களுக்கு வேறு பெயர்கள் உண்டு. அவற்றை எழுதிவைக்கத்தான் எழுத்து இல்லை.

வீடு சரிவில் கட்டியது. கல் சுவர். கீழ்வீட்டுக் கூரைதான் மேல்வீட்டுக்காரருக்கு முற்றம். அதில் மிளகாய் காயப்போடாததுதான் குறை. பாதாமி காய்ந்துகொண்டிருந்தது.

வாசலில் நண்பரின் அம்மா. உள்ளே பாட்டி. பாட்டிக்குத் தொண்ணூறு ஆகப்போகிறது என்றார்கள். என்னைப் பார்த்ததும் பாட்டி ரஷ்ய மொழியில் ஏதோ வரவேற்றார். அவருக்குத் தெரிந்த ரஷ்யச் சொற்கள் அவ்வளவுதான் போல, அதன்பின் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

இங்கிருந்து என் பிரச்சினை ஆரம்பம். நான் கேட்க வந்த மொழி, நான் இருக்கும் அறையில் பேசப்படவில்லை. கூடத்தில் எனக்காக ரஷ்யன். தம்பி அதைத் தமிழாக்கினான். பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் எட்டிப் பார்த்ததும் எல்லாரும் அவாருக்கு மாறினார்கள். பெண்கள் அடுப்படிக்குப் போனதும் அங்கிருந்து அந்தச் சத்தம் வந்தது: உஸ், ட்லக், காற்று, வெடிப்பு. நான் எழுந்து அடுப்படி வாசலுக்குப் போனேன். உடனே ரஷ்யன். மரியாதைக்காகத்தான். விருந்தாளிக்குப் புரியாத மொழியில் அவன் முன்னால் பேசக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். அந்த மரியாதை கெட்டியாக இருக்கும்வரை எனக்கு மொழி கிடைக்காது.

ஆகவே அடுப்படியில் ஒரு வேலை கேட்டு வாங்கினேன். ஆண் விருந்தாளி அடுப்படியில் வேலை செய்வது அவர்களுக்குப் பெரிய வேடிக்கை. செய்தது கின்கால். சோடாவும் தயிர் மாதிரியான கெஃபீரும் ஊற்றிப் பிசைந்த மாவு. விரல் தடிமனுக்குத் தேய்த்து, சாய்சதுரமாக வெட்டி, கறி வெந்த தண்ணீரில் போட்டு மூடுகிறார்கள். சில நிமிடங்களில் ஒவ்வொன்றும் பன்னு மாதிரி உப்பி மேலே மிதக்கிறது. எடுத்த அந்த நொடியே குத்த வேண்டும். என் வேலை அதுதான். அம்மா கரண்டியால் எடுத்துத் தட்டில் போடப் போட, நான் முள்கரண்டியால் ஒவ்வொன்றாகக் குத்தி ஆவியை வெளியேற்ற வேண்டும். நாலைந்தை விட்டுவிட்டேன். அவை கண்ணெதிரே சுருங்கி, சாம்பல் நிறமாகி, பழைய செருப்புத் துண்டு மாதிரி ஆகின. அம்மா 'அய்யோ' என்பதற்கு அவர்கள் சொல்லும் சொல்லைச் சொன்னார். எனக்குக் கிடைத்த முதல் அக்வாக் சொல். எழுத முயன்று தோற்றேன்.

பூண்டை இடித்துக் கலந்த குழம்பில் தோய்த்து, வெந்த ஆட்டுக்கறியோடு தின்ன வேண்டும். கடைசியில் கறி வெந்த சாறு, டம்ளரில். சுருங்கிப்போனவற்றைப் பாட்டி தன் தட்டுக்கு எடுத்துக்கொண்டார்.

நான்காம் நாள்: கொதெக்கான்

ஒவ்வொரு தாகெஸ்தான் மலையூரிலும் ஆண்கள் கூடி உட்காரும் ஒரு திண்ணை உண்டு. கொதெக்கான் என்று பெயர். பள்ளிவாசலுக்குப் பக்கத்தில், வழுவழுப்பான கல்மேடை, முதுகுக்குச் சுவர், காலை வெயில். பெண்கள் அந்த வழியாகப் போகும்போது நடையைக் கூட்டுகிறார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். ஊர்ச் செய்தி எல்லாம் அலசப்படும் இடத்தில் பாதி ஊர் இல்லை.

ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் அங்கே இருந்தார். தலையில் ஆட்டுத்தோல் தொப்பி. முப்பது வருடம் அவார் மொழி கற்பித்தவர். இங்கே பள்ளியில் சின்ன வகுப்புகளில் அவார் மொழியில்தான் பாடம், பிறகு ரஷ்யன். வீட்டில் பேசும் மொழிக்கு வகுப்பறையில் இடம் இல்லை. ஆசிரியரின் தாத்தா அரபு எழுத்தில் அவார் எழுதினார். 1928இல் லத்தீன் எழுத்து வந்தது, அப்பா அதைக் கற்றார். 1938இல் ரஷ்ய எழுத்தான சிரிலிக் வந்தது, இவர் அதைக் கற்றார். மூன்று தலைமுறை, மூன்று எழுத்து. மூன்றும் பக்கத்து மொழிக்கு.

"எங்கள் ஒலிகளைச் சொல்லிப் பாருங்கள்" என்றார். அவர் காட்டிய முறையை அப்படியே எழுதுகிறேன், வாசிப்பவர்களும் முயலலாம். 'ல' சொல்ல நாக்கை வையுங்கள். குரலை நிறுத்துங்கள். இப்போது வெறும் காற்றை ஊதுங்கள். நாக்கின் இரு ஓரமும் காற்று போகும். ஆசிரியர் என் ஆள்காட்டி விரலை எடுத்துத் தன் வாயோரத்தில் வைத்தார். விரலில் சூடான காற்று பட்டது, உதட்டின் நடுவில் ஒன்றும் இல்லை. அது முதல் ஒலி. அதையே நீட்டி அழுத்தினால் இரண்டாவது. முன்னால் ஒரு 'ட்' வைத்துத் தொடங்கினால் மூன்றாவது. அதை அழுத்தினால் நாலாவது. பிறகு தொண்டையை மூடிக்கொண்டு, மூச்சே விடாமல், வாய்க்குள் இருக்கும் காற்றை மட்டும் தெறிக்கவிட வேண்டும். சோடா பாட்டில் திறக்கிற சத்தம். அதிலும் மெல்லினம் வல்லினம் மாதிரி இரண்டு. ஆக, நம்ம சாதாரண 'ல'வைத் தவிர்த்தே அரை டஜன்.

என்னால் இரண்டு வந்தது. திண்ணை முழுக்கச் சிரிப்பு.

"உங்களிடம் என்ன இருக்கிறது?" என்றார். நான் 'ழ' சொன்னேன். வாழைப்பழம் சொன்னேன். ஆறு கிழவர்கள் வரிசையாக முயன்றார்கள். ஒருவர் 'ர' என்றார், ஒருவர் ரஷ்ய 'ஷ'வைக் குழைத்தார். ஆசிரியர் நாக்கை மடித்து, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, ரொம்ப நேரம் தனியாகப் பயிற்சி செய்தார். கடைசிவரை வரவில்லை. கணக்கு ஓரளவு நேரானது.

இனி நான் வந்த காரியம். இந்த மொழிக்கு 1967இல் திபிலிசியில் ஓர் இலக்கண நூல் வெளிவந்தது, எழுதியவர் சகிதத் மகொமெத்பெகோவா. 2007இல் மகச்சுக்கலாவில் ஓர் அகராதி வந்தது. காகசஸ் மலையின் தெற்குச் சரிவில், அசர்பைஜானின் ஜகத்தலா பக்கம், அஹஹ்தெரே என்ற ஊரிலும் அக்வாக் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். தெனி கிரேசெல்ஸ் என்ற பிரெஞ்சு மொழியியலாளர் அவர்கள் பேச்சை ஆராய்ந்து எழுதிய கட்டுரை ஒன்று இரண்டு வருடங்களுக்கு முன் என் கையில் கிடைத்தது. அதில் இருந்த ஒரு விஷயம் தூக்கத்தைக் கெடுத்தது.

தமிழில் வினைச்சொல்லின் வாலைப் பார்த்தால் யார் செய்தார் என்று தெரிந்துவிடும். எழுதினேன், எழுதினாய், எழுதினான், எழுதினாள். அக்வாக்கில் ஆணா பெண்ணா மற்றதா என்பது பல வினைகளுக்குத் தலையில் ஒட்டுகிறது. மகன் வஷா, மகள் யஷே. அந்த 'வ'வும் 'ய'வும் வினையின் முன்னாலும் வந்து நிற்கும். வாலில் இருப்பது வேறு கணக்கு. நான் கடிதம் எழுதினேன் என்றால் வினை 'அடா' என்று முடியும். நீ எழுதினாய், அவன் எழுதினான் இரண்டுமே 'அரி'. இதுவரை சரி, தன்மைக்கு ஒன்று, மற்ற இருவருக்கும் ஒன்று என்று நினைத்தேன். ஆனால் நீ எழுதினாயா என்று கேள்வி கேட்டால் 'அரி' போய் 'அடா' வந்துவிடுகிறது! நான் எழுதினேனா என்று கேட்டால் அங்கே 'அரி'.

அதாவது அந்த வால் பேசுபவனைப் பார்ப்பதில்லை. விஷயம் யார் கையில் இருக்கிறது என்று பார்க்கிறது. நான் செய்ததை நான் சொன்னால், எனக்குத் தெரியும், 'அடா'. நீ செய்ததை உன்னிடமே கேட்டால், அது உனக்குத்தான் தெரியும், அங்கேயும் 'அடா'. நீ செய்ததை உன்னிடமே நான் சொல்வதாக இருந்தால், அதில் எனக்கு என்ன உரிமை? 'அரி'.

தம்பிக்கு இதை ரஷ்ய மொழியில் சொல்லத் தெரியவில்லை. "அண்ணே, வாடா போடாவா?" என்று வேறு குழப்பினான். நண்பர்தான் கைகொடுத்தார். ஆசிரியர் கேட்டுவிட்டு "அப்படியெல்லாம் எங்கள் மொழியில் ஒன்றும் இல்லையே" என்றார். முப்பது வருடம் இலக்கணம் நடத்தியவர். ஆனால் நடத்தியது அவார் இலக்கணம்.

"நேற்று நான் கடிதம் எழுதினேன், இதைச் சொல்லுங்கள்."

சொன்னார். அடா.

"அவன் எழுதினான்."

அரி.

"நீ எழுதினாய்."

அரி.

"நீ எப்போது எழுதினாய் என்று இவரைக் கேளுங்கள்."

ஆசிரியர் பக்கத்துக் கிழவரிடம் திரும்பிக் கேட்டார். வாய் மூடுவதற்குள் அவர் முகம் மாறியது. மறுபடி ஒருமுறை மெதுவாகத் தனக்கே சொல்லிப் பார்த்தார். அடா. பக்கத்துக் கிழவர் "நான் எங்கே எழுதினேன்?" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அதிலும் என்ன வால் என்று ஆசிரியர் கூர்ந்து கேட்டார். பிறகு ஒரு மணி நேரம் அந்தத் திண்ணையில் நான் தேவைப்படவில்லை. நீ சாப்பிட்டாயா, நீ விற்றாயா, நான் விற்றேனா, ஒருவர் மாற்றி ஒருவர் கேட்டுப் பார்த்துச் சண்டை போட்டார்கள். ஒருவர் எண்பது வயதில் இப்படி ஒன்றைப் பேசிக்கொண்டிருந்தது இன்றைக்குத்தான் தெரிந்தது என்றார். நமக்கும் இப்படித்தான். ஒரு வெள்ளைக்காரர் வந்து 'நாம்' என்றும் 'நாங்கள்' என்றும் ஏன் இரண்டு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால்தான் திரும்பிப் பார்ப்போம்.

இதில் இன்னொன்றும் கிடைத்தது. கடிதத்துக்கு அவர்கள் சொன்ன சொல் என் காதில் 'கக' என்று விழுந்தது, இரண்டாவது 'க' தொண்டையின் அடியாழத்தில். அவாரில் என்ன என்று கேட்டேன். காகத். பாரசீகமும் அரபும் சுமந்து வந்த அதே சொல். நம்மிடம் காகிதமாகக் கிடக்கிறது. ஆசிரியரின் நோட்டில் தமிழில் காகிதம் என்று எழுதிக் கொடுத்தேன். அவர் சிரிலிக்கில் பக்கத்திலேயே எழுதினார். அதில் ஒரு செங்குத்துக் கோடு வரவில்லையே என்று கேட்டேன். அந்தக் கோடு அவார் எழுத்தில் பெரும்பாலும் தெறிக்கும் ஒலிகளுக்கான குறி. தனியாக ஒரு குச்சி நிற்கும். போன் விசைப்பலகையில் அது கிடைக்காததால் எல்லாரும் எண் 1ஐ அடிக்கிறார்களாம். நண்பர் தன் வாட்ஸ்அப்பைக் காட்டினார். அம்மா அனுப்பிய செய்தி முழுக்க 1, 1, 1. மின்கட்டண ரசீது மாதிரி இருந்தது.

"இது அவாரா?" என்றேன்.

"இல்லை. அவார் எழுத்து. பேச்சு எங்களுடையது."

யாரும் அறிவிக்கவில்லை, யாரும் பாடம் எடுக்கவில்லை. மகன் சாப்பிட்டானா என்று தெரிந்துகொள்ள அம்மா எழுத ஆரம்பித்துவிட்டார்.

ஐந்தாம் நாள்: பனி

காலையிலிருந்து பனிமூட்டம். பக்கத்துக் கூரை தெரியவில்லை. புல் அறுக்கப் போனவர்கள் திரும்பிவிட்டார்கள். அறுத்த புல்லைப் பெண்கள் முதுகில் கட்டிக்கொண்டு சரிவில் இறங்கினார்கள். பின்னாலிருந்து பார்த்தால் புல்போர் ஒன்று தானாக நடந்து வருகிறது, கீழே இரண்டு ரப்பர் செருப்பு.

கல்லறை வரை நடந்தேன். நட்டுவைத்த கற்கள், அரபு எழுத்துகள். பூட்டிய வீடுகள் நிறைய. கூரை இறங்கியவையும் உண்டு. எல்லாம் அழிந்துபோனது என்று எழுதினால் பொய்யாகும். பலருக்குச் சமவெளியில் இன்னொரு வீடு இருக்கிறது. மலையூர்ப் பண்ணைகளுக்குக் குளிர்கால மேய்ச்சலுக்காகக் கீழே கொடுத்த நிலங்களைக் குத்தான் என்பார்கள். ஆட்டுப்பட்டி இருந்த இடம் இன்று தெருவும் பள்ளியும் உள்ள ஊராகிவிட்டது. ஆனால் அங்கே பக்கத்துத் தெருவில் குமிக், செச்சென், அவார். பிள்ளைகள் விளையாடுவது ரஷ்ய மொழியில்.

மாலையில் பாட்டி தானாகவே 1944 பற்றிப் பேசினார். அந்த ஆண்டு பிப்ரவரியில் ஸ்டாலின் அரசு செச்சென் மக்களை ஒட்டுமொத்தமாக மத்திய ஆசியாவுக்கு நாடுகடத்தியது. காலியான வீடுகளை நிரப்ப மேற்குத் தாகெஸ்தான் மலையூர்களிலிருந்து ஆட்களை வலுக்கட்டாயமாக இறக்கினார்கள். அக்வாக் மக்களை வெதெனோ பக்கம் அனுப்பினார்கள். பாட்டி அப்போது சின்னப் பிள்ளை. அவர் சொன்னது இவ்வளவுதான்: போன வீட்டில் அடுப்பு இருந்தது, தொட்டில் இருந்தது, தொட்டில் யாருடையது என்று கேட்டதற்கு அம்மா அடித்தார். காய்ச்சலில் நிறையப் பேர் செத்தார்கள். 1957இல் செச்சென் மக்கள் திரும்பினார்கள். வீட்டை விட்டு இவர்கள் மறுபடி மூட்டை கட்டினார்கள். சிலர் மலைக்கு, சிலர் சமவெளிக்கு.

நண்பர் இதை ரஷ்யனில் சொல்ல, தம்பி தமிழில் சொல்ல, என்னிடம் வந்து சேர்ந்தபோது மூன்று கை மாறியிருந்தது. பாட்டி பேசியது அக்வாக்கில். என்னைப் பார்த்துக்கொண்டே பேசினார். ரஷ்யனில் அதைச் சொல்ல அவரிடம் சொல் இல்லை. முதல் முறையாக அந்த மொழி கூடத்தில், என் முன்னால், பத்து நிமிடம் பேசப்பட்டது. நான் வாலைக் கவனிக்க மறந்துவிட்டேன்.

ஆறாம் நாள்: இறக்கம்

விடியற்காலை வேன். பாட்டி எழுந்து வந்து ஒரு பொட்டலம் கொடுத்தார். வறுத்து அரைத்த மாவு, நம்ம சத்துமாவுக்கு உடன்பிறப்பு. கூடவே ஒரு ஜாடி உர்பெச். பாதாமிக் கொட்டைப் பருப்பைக் கல்லில் எண்ணெய் விட விட அரைத்த விழுது. மலைப் பயணத்துக்கு இதில் இரண்டு கரண்டி போதுமாம். விமானத்தில் கைப்பையில் விடமாட்டார்கள் என்று சொல்ல மனம் வரவில்லை.

தெற்கே ஷாமில் மாவட்டத்திலுள்ள அக்வாக் ஊர்களையும் பார்க்க ஆசை இருந்தது. ரத்லுப், த்லியானுப், சேகோப் மூன்றும் அங்கே. அவர்கள் பேசும் அக்வாக் இவர்களுக்கே சரியாகப் புரியாது, சந்தித்தால் அவாரில் பேசிக்கொள்வோம் என்றார் நண்பர். எட்டாயிரம் பேருக்குள் இது. நாள் இல்லை. அடுத்த தடவை.

இறங்கும் வழியில் தம்பி தூங்கிவிட்டான். சுரங்கப்பாதை, குன்றுகள், புழுதி, கடல். மகச்சுக்கலாவில் போன் உயிர்பெற்றதும் ஒரு செய்தி வந்து கிடந்தது. நண்பரின் எண்தான், ஆனால் எழுதியது அவர் அம்மா என்று நினைக்கிறேன். ஒரே வரி. நடுவில் இரண்டு 1. ரஷ்யன் இல்லை. தம்பிக்கும் புரியவில்லை.

சிரிலிக் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தேன். கடைசிச் சொல்லின் முடிவில் அடா. அதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

என்ன செய்தேனா என்று கேட்கிறார்கள் எனத் தெரியவில்லை. என்னைத்தான் கேட்கிறார்கள் என்பது தெரிந்தது.

"என்னவா இருக்கும்டா?"

"சாப்பிட்டீங்களான்னு இருக்கும்ணே" என்று சொல்லிவிட்டுத் தம்பி குக்கரைக் கழுவப் போனான்.